எடை குறையவில்லை

கப்பலூர் சிட்கோவில் மூன்றாவது வரிசைக் கொட்டகை வாசலில்
ஒரு மரப்பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன்.
நாற்பத்திரண்டு அறைகள்.
முன்பு அவற்றில் டிரில் பிட்டுகள் இருந்தன.
இப்போது காலை எட்டேகாலுக்குள்
கழுத்துகளும் மணிக்கட்டுகளும் வந்து விழுகின்றன.

செக்கானூரணி பஸ்ஸில் வருகிறவர்களின் செம்புக் காப்பு,
பாண்டி கோயில் கறுப்புக் கயிறு,
வேளாங்கண்ணியில் வாங்கிய ஜெபமாலை மோதிரம்,
மெல்வினின் ஒற்றைக் கடுக்கன்.
அதை வேண்டாம் என்றுதான் சொன்னேன்,
அவனே பயந்து கழற்றுகிறான்.
கைக்கடிகாரம் நகைக் கணக்கில் வராது என்று
தினமும் வாதாடுவார் குருநாதன்.
வரும் அண்ணே.
சுற்றுகிற எதற்கும் மணி பார்க்கத் தெரியாது.

பெட்டிக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும்.
பதினேழாம் அறை பத்து நாளாய்க் காலி.
மறதி இல்லை. திருமங்கலத்தில் வைத்திருக்கிறார்.
பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில்
பெட்டியை ஒரு கையால் தூக்கிவிடலாம்.
எனக்கு அது வசதி.

லேத்தில் போனதில்லை என் விரல்.
பில்லர் டிரில். ஆறு மில்லி ஓட்டை. சின்ன வேலை.
சுருண்டு வந்த இரும்புச் சீவலைத் தட்டிவிடத்தான் கை போனது.
மோதிரத்துக்கும் தோலுக்கும் நடுவே
ஊசிக் காதில் நூல் போல நுழைந்தது சீவல்.
பிறகு மோட்டார் இழுத்தது.
வலி அப்புறம்தான்.
முதலில் ஒரு சத்தம்,
கரும்பை ஒடித்தால் வருமே, அது.

ஜிகர்தண்டா கடையில் வாங்கிய ஐஸில்
விரலைப் பொதிந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.
ஒட்டாது என்று சொல்லிவிட்டார்கள்.
மோதிரத்தைத் தனிக் கவரில் போட்டு
என் பெயர் எழுதி
மனைவியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.
விரலுக்கு யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

மறுநாள் அடகுக்கடைக்காரர் உரசிப் பார்த்தாராம்,
தராசில் வைத்தாராம்.
நாலு கிராம் இருநூறு மில்லி.
கல்யாணத்துக்கு வாங்கிய ரசீதிலும் அதேதான்.
'எடை குறையலம்மா' என்றாராம்.

ஒச்சம்மாள் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டாள்:
'கம்மலு, வளையலு, கொலுசு எல்லாம் தாரேன்.
இது ஆகாது.'
தாலியை ரவிக்கைக்குள் போட்டு ஊக்குக் குத்தியிருந்தாள்.
பேக்கிங்குக்கு அனுப்பினார்கள்.
அங்கே நாளுக்கு நாற்பது ரூபாய் குறைவு.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நாற்பது ரூபாயைப் பற்றி என்ன சொல்ல?

ஒரு நாள் அவள் என் கழுத்தைப் பார்த்துச் சிரித்தாள்.
பெட்டிச் சாவியை நைலான் கயிற்றில் கோத்து
ஏழு வருஷமாய்த் தொங்கவிட்டிருக்கிறேன்.
டீ டம்ளர்களோடு
பெல்ட் ஓடுகிற பக்கமெல்லாம் குனிந்து போய் வந்திருக்கிறேன்.
'ஒங்களுக்கு எவ தாலி கட்டுனா?'

அன்றைக்கே சுவரில் ஆணி அடித்தேன்.
சாவி அதில் தொங்குகிறது.
யாரும் எடுக்கலாம்.
இதுவரை எடுத்தது குருநாதன் மட்டும்,
மணி பார்க்க.

சித்திரையில், திருக்கல்யாணத்துக்கு மறுநாள்.
மதுரைப் பெண்களெல்லாம் புதுக் கயிறு மாற்றியிருந்தார்கள்.
பாதிப் பேர் லீவு, டிரில்லில் ஆள் இல்லை.
ஒச்சம்மாள் வந்து நின்றாள்.
வட்டிக்காரன் வந்துபோன கதை எனக்கு முன்பே வந்திருந்தது.
கழுத்தில் மஞ்சள் இன்னும் ஈரம்.

'அங்கிட்டுத் திரும்புங்க' என்றாள்.
திரும்பிக்கொண்டேன்.
சுவரில் தீயணைப்புச் சிலிண்டரின் தேதியைப் படித்தேன்.
போன வருஷமே முடிந்திருந்தது.
பின்னால் ஊக்கு கழன்ற சத்தம்,
பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
'மேல் வரிசையில வைங்க.
கால் படுற ஒசரம் வேணாம்.'

சாயங்காலம் ஐந்தரைக்கு முதல் ஆளாய் வந்தாள்.
கையில் எண்ணெய் இருந்தது,
முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

அறையில் மஞ்சள் ஒட்டிக் கிடந்தது.
டீசல் விட்டுத் துடைத்தேன். போகவில்லை.
ரெண்டு நாள் கழித்து மெல்வின் கேட்டான்,
கடுக்கன் ஏன் மஞ்சளாய் இருக்கிறதென்று.
அறை மாற்றிப் போட்டுவிட்டேன் என்றேன்.