பதில் இல்லை

மூன்று இரவுகளாக அதையேதான் எழுதினேன்.
கையெழுத்து என்னுடையது: தெ. ஃப்ரீசன்.
நேரம் 22.10. கேள்வி: வலிக்கிறதா? பதில் இல்லை.
நேரம் 02.00. பதில் இல்லை.
நேரம் 05.40. விழித்திருக்கிறாள். பதில் இல்லை.

உலூரியாக், வயது ஆறு.
குடல்வால் வெடித்து, நௌயாட்டிலிருந்து
சின்ன விமானத்தில் ஏற்றி
வின்னிபெக்குக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.
அம்மாவுக்குப் பிரசவமாகி ஒன்பது நாள்.
துணைக்கு வந்த சித்திக்கு வழியிலேயே காய்ச்சல்,
விடுதி அறையை விட்டு வரக்கூடாது என்றுவிட்டோம்.
ஆக, கட்டிலில் அவள்,
காலடியில் ஒரு ஜோடி சீல்தோல் காலணி.
அலமாரிக்குள் இரண்டு முறை வைத்துப் பார்த்தேன்.
இரண்டு முறையும் கட்டிலுக்குத் திரும்பியிருந்தது.

சுவரில் ஆறு முகங்கள் போட்ட அட்டை,
சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடிவது.
"இதில் நீ எது?" என்றேன்.
பார்த்தாள். அட்டையை அல்ல, என்னை.
எனக்கு அந்த அட்டைமேல் நம்பிக்கை அதிகம்.
பயிற்சி வகுப்பில் அதைப் பற்றிப் பேசிச்
சான்றிதழ்கூட வாங்கியிருக்கிறேன்.

குழந்தை மனநல மருத்துவர் பத்து நிமிடம் வந்தார்.
பொம்மைகளைப் பரப்பினார், பிறகு பெட்டியில் அடுக்கினார்.
'உணர்வு மழுங்கல்' என்றெழுதிப்
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
வலி சொல்லாத பிள்ளைக்கு
இவ்வளவு மார்ஃபின் எதற்கென்று குறைத்தார்கள்.
பம்பின் பொத்தானை அழுத்தியது
இந்த விரல்.

நான்காம் இரவு.
பக்கத்துக் கட்டிலில் ஜோப்பீ, பதினொரு வயது,
ஸ்னோமொபைல் கவிழ்ந்து கால் உடைந்தவன்.
போர்வைக்குள் கைபேசியில் யாரையோ சுட்டுக்கொண்டிருந்தான்.
வழக்கம்போல் குனிந்து "வலிக்குதாம்மா?" என்றேன்.
போர்வைக்குள்ளிருந்து எரிச்சலாக ஒரு குரல்:
"எத்தனை தடவைதான் கேப்பீங்க?
ஆமாங்கிறாளே. மூணு நாளா ஆமாங்கிறா."

எங்கே?

"புருவத்துல."

இன்னொரு முறை கேட்டேன்.
இரண்டு புருவங்களும்
நகக்கண் அளவு மேலேறி இறங்கின.
இமைத்தால் தவறிவிடும்.
அந்த நொடியில்தான் நான் எப்போதும்
எழுதுவதற்குக் குனிவேன்.

"இல்லைன்னா?"
"மூக்கைச் சுருக்குவா."
அதுகூடத் தெரியாதா என்று அவன் கேட்கவில்லை.
ஆட்டத்தில் அவனுக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது.

மருத்துவரை எழுப்பினேன். அளவு கூடியது.
எழுதியதை அழிக்க எங்களுக்கு உரிமை இல்லை.
கோடு கிழித்து, மேலே திருத்தி,
கையெழுத்து வைக்கலாம்.
பதினான்கு கோடு. பதினான்கு ஆமாம்.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் என் பெயர்.

விடியலில் விழித்தவள்
முதல் முறையாக வாய் திறந்தாள்.
"அம்மா இன்னைக்கு வருமா?"

வடக்கே பனிப்புயல். விமானம் ஏறவில்லை.
வாயால் சொல்லியிருக்கலாம்.
ஆனால் அவள் என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
காய்ச்சல் காலம், கண்ணுக்குக் கீழே முழுக்க முகக்கவசம்.
அந்தத் துணிக்கு மேலே
ஆமாம் மட்டும்தான் சொல்ல முடியும்.
புருவம் தானாக அசைந்துவிடுமோ என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு விதியை மீறி
ஜன்னல் பக்கம் இரண்டடி தள்ளிப் போய்
கவசத்தை இறக்கி
மூக்கைச் சுருக்கினேன்.

ஐம்பத்தோரு வயதில் முதல் சொல்.
மழலையாகத்தான் வந்திருக்கும்.
அவள் அசையாமல் பார்த்தாள்.
ஊசி செருகிய கையைத் தூக்கி
தன் மூக்கின் மேல்தண்டைத் தொட்டுக் காட்டினாள்:
இங்கே, இன்னும் கொஞ்சம்.
நான் திருத்திச் சொன்னேன்.
அதற்குப் பிறகுதான் அழுதாள்,
சத்தமாக, ஒரு வார்டு முழுக்க விழிக்கும்படி.
ஜோப்பீ கைபேசியை அணைத்துவிட்டான்.

அழுகை தேய்ந்ததும் கேட்டேன்.
எழுதுவதற்கு முன் நிமிர்ந்து பார்த்தேன்.

நேரம் 06.15.
கேள்வி: காலணியை அலமாரியில் வைக்கவா?
பதில்: இல்லை.