ஏழாவது இலக்கம்

விளம்பரமே காதில் விழக்கூடாதென்று
மாதம் பன்னிரண்டு வெள்ளி கட்டுகிறாள் கோமளவல்லி.
அதே மேசையின் இந்தப் பக்கம்
விளம்பரத்துக்காகவே இரண்டு வெள்ளிக்கு வாங்கிய கேசட்டை
பென்சில் நுழைத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

யாரும் இவற்றைச் சேர்த்துவைக்க நினைத்ததில்லை.
பாட்டைப் பிடிக்கத்தான் வானொலி முன் காத்திருந்தார்கள்.
பாட்டு ஓய்ந்ததும் நிறுத்திவிட வேண்டும்.
தேநீர் பொங்கியிருக்கும்.
மின்தூக்கி நிற்காத மாடிக்கு அரிசி மூட்டையோடு ஏறி வந்தவர்
மூச்சிரைக்கக் கதவைத் தட்டியிருப்பார்.
விரல் தாமதித்த அந்த நான்கு விநாடி, எட்டு விநாடி,
அதிர்ஷ்டமிருந்தால் இருபது,
அவ்வளவுதான் என் சேகரிப்பு.

மூட்டுவலித் தைலம், ‘மூட்’ வரைக்கும்.
தீபாவளிக்கு மறுநாளும் நீடிக்கிற தள்ளுபடி,
எந்தத் தீபாவளி என்று சொல்லாமல்.
மிளகாய்த்தூளுக்கு ஒருவர் மெய்யாகவே தும்முகிறார்.
எத்தனை முறை தும்மவைத்தார்களோ.

‘நூருன்னிசா, புளோக் 14’
என்று ஊதா மையில் எழுதிய ஒன்று.
பீடோக்கில் ஒரு வீட்டைக் காலிசெய்தபோது
கரங்குனிக்காரர் எனக்கென்று எடுத்துவைத்தது.
பி பக்கம், மூன்றாம் பாட்டு முடிந்து
ஒரு பெண்குரல்:
கல்யாணமா, காதுகுத்தா,
பந்தலிலிருந்து பாயசம்வரை பவளம் கேட்டரிங்!
பிறகு தொலைபேசி எண்ணை
இலைக்கு இலை பரிமாறுவதுபோல் நிதானமாக,
ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது, ஆறாவது...
டக்.

ஏழாவதை
நூருன்னிசாவின் விரல் தின்றுவிட்டது.

பத்தே பத்து வாய்ப்புதானே என்று
ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.
இந்தக் காலத்து ஆறை முன்னால் ஒட்டி
பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தேன்.
புழக்கத்தில் இல்லை. புழக்கத்தில் இல்லை.
இரண்டு, பல் மருந்தகம்; திங்கட்கிழமை அழைக்கச் சொன்னது இயந்திரம்.
மூன்று கீச்சென்றது.
நான்கும் ஐந்தும் எடுக்கவில்லை.
ஆறில் இருந்தவர் நான் மோசடிக்காரன் என்று
காவல்துறையைச் சொல்லி மிரட்டினார்.
நியாயம்தான்.

ஏழில் ஒரு சீன அம்மா.
‘பவளம்’ என்று நான் முடிப்பதற்குள் சிரித்துவிட்டார்.
ஐயோ, இன்னுமா?
முன்பெல்லாம் நாளுக்கு நாலைந்து பேர்,
ராத்திரி பதினொரு மணிக்குக்கூட.
எல்லாரும் ஒரே சொல், பா-யா-சம், பா-யா-சம்.
உங்களுக்கு எட்டு வேண்டும், எட்டு.
நான் ஏழு.
எத்தனை பேருக்குச் சொல்லியாகிவிட்டது!

நன்றி சொல்லி வைத்தேன்.
கோமளவல்லி ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டாள்.
“பவளமா? நம்ம கல்யாணத்துக்கு
அவங்கதானே சமைச்சாங்க.
பாயசம் அடிப்பிடிச்சிருந்துச்சு.
நீங்க ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சீங்க.”
மறுபடியும் மாட்டிக்கொண்டாள்.

எட்டை நான் அழைக்கவில்லை.
நோட்டை எடுத்து எழுதினேன்:

பவளம் கேட்டரிங். பதினெட்டு விநாடி.
ஒலித்தரம் சுமார்.
கடைசி இலக்கம் எட்டு, பக்கத்து எண் சொன்னது.
பாயசம் தீய்ந்தது.
சாட்சி உண்டு.