நார்மல் வேல்யூ

"எம்பது கிலோமீட்டர் ஓடும் மேடம்,
ஒரே சார்ஜ்" என்றான் ஜுனைத்.
அட்டையிலும் அப்படித்தான் அச்சாகியிருந்தது.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பதினாறு வருடமாக
விடிகாலையில் வீடு வீடாகப் போய்
வெறும்வயிற்று ரத்தம் எடுக்கிறவள் நான்.
எங்கள் லேப் தாளிலும் வலது ஓரம்
இப்படித்தான் அச்சாகியிருக்கும்:
எழுபதிலிருந்து நூறு.
அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே
ஒழுங்காக உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளை
சத்துவாச்சாரியில் தேடிக்கொண்டேயிருக்கிறேன்.

"யார் ஓட்டி எம்பது?"

முழித்தான்.

எத்தனை கிலோ ஆள்? எந்த ரோடு?
மிதித்தாரா, சும்மா உட்கார்ந்து போனாரா?
நான் எழுபத்தொரு கிலோ,
ஐஸ் பெட்டி நாலு,
அதில் குலுங்கக் கூடாத குழாய்கள் இருபது.
என்னிடம் லைசென்சும் இல்லை.
எட்டு போடச் சொன்னபோது
இரண்டு தடவையும் காலை ஊன்றிவிட்டேன்.

கடைப்பையனை டீக்கு அனுப்பிவிட்டு
குரலை இறக்கினான்.
"முப்பத்தாறு வோல்ட், பத்து ஆம்பியர்,
பெருக்குங்க. முந்நூத்தி அறுவது.
அதான் இதோட ரத்தம்.
கிலோமீட்டருக்குப் பத்து குடிக்கும்.
எம்பதை மறந்துடுங்க மேடம்."
அதற்கப்புறம்தான் அவனை நம்பினேன்.

சிவப்பு வண்டிக்குக் கால் சுற்றுவது மட்டும் தெரியும்,
எவ்வளவு கஷ்டப்பட்டுச் சுற்றுகிறது என்று தெரியாது,
எங்கள் சூப்பர்வைசர் மாதிரி.
மிதித்ததும் முதுகில் பிடித்துத் தள்ளும்;
நிறுத்திய பிறகும் அரை நொடி ஓடும்.
கிரீன் சர்க்கிளில் பஸ்ஸுக்குப் பின்னால்
அரை நொடி என்பது
சின்ன விஷயம் இல்லை.

நீலம் வேறு.
அழுத்தினால் அழுத்தியவரை கொடுக்கும்.
நரம்பு எங்கே என்று
கண்ணை நம்பாமல் விரலால் தேடுவோமே,
அப்படித் தேடியது என் காலை.

நீலத்தை எடுத்துக்கொண்டு பாலாற்றைத் தாண்டினேன்.
ஆற்றில் மணல், மணலில் மாடு,
எதிர்க்காற்றில் விருதம்பட்டு.
காட்பாடி ரயில் மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில்
கடைசிக் கோடு இரண்டு தரம் கண் சிமிட்டி
அணைந்தது.

பின்னால் செங்கல் லாரி.
மேலே வெயில்.
அடியில் இருபத்திநாலு கிலோ செத்த இரும்பு.
ஜுனைதைத் திட்டினேன், சார்ஜ் போடாத பையனைத் திட்டினேன்,
கியரை ஒன்றுக்கு இறக்கினேன்.
இறங்கித் தள்ளவில்லை.
வாயால் மூச்சுவிட்டு, சேலைத் தலைப்பு நனைந்து
உச்சிக்கு வந்து நின்றபோது
கீழே ஒரு பெங்களூர் வண்டி
அவசரமே இல்லாமல் கிளம்பிக்கொண்டிருந்தது.
இத்தனை நேரம் கேட்டதெல்லாம்
உயிரோடு இருக்கும்போது எவ்வளவு ஓடும் என்றுதான்.
செத்தபிறகு இது சைக்கிளாக இருக்குமா
என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்.

திரும்பி வந்து
மற்ற வண்டிகளின் பேட்டரியையும் கழற்றச் சொன்னேன்.
"வாங்க வந்தீங்களா, போஸ்ட்மார்ட்டத்துக்கா?"
பக்கத்துப் பரோட்டா மாஸ்டர்
மாவுக் கையோடு வெளியே வந்து பார்த்தார்.
தடி டயர் போட்ட கறுப்பு
டிரான்ஸ்பார்மர்வரைகூடத் தாங்கவில்லை.
சிவப்பு இரண்டாவது வீட்டிலேயே முனகியது.

நீலத்துக்கு ரசீது எழுதினான்.
"எப்சிபா... ஒத்து வருமா?" என்று
ப்-க்குப் புள்ளி வைத்துக் காட்டினான்.
முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. எட்டுத் தவணை.
பேட்டரி தனியே கழன்று வரும்,
மூன்றாவது மாடிக்குத் தூக்கிப்போக
அதற்கென்று ஒரு கைப்பிடி.

திங்கட்கிழமை ஐந்தே முக்கால்.
ஏகாம்பரம் சார் கேட்டில் நின்று
என் வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்தார்.
போன மாதம் நூற்றெண்பத்திரண்டு.
"சத்தமே இல்லியே. எவ்ளோம்மா ஓடும்?"

"ஓட்டற ஆளைப் பொறுத்தது சார்.
ராத்திரி என்ன சாப்டீங்க?"

பதில் இல்லை.

ரப்பரை இறுக்கிக் கட்டினேன்.
கையை மூடுங்க.