ஒட்டுப்பால் காசு

வியாழக்கிழமை ராத்திரி எட்டரைக்கு
ஒரு கடை சும்மா தரும்.
அடுத்த வியாழனுக்குள் எடுத்துவிட்டால்
அது சாகும்வரை நம்முடையது.
இப்படி நூற்றுப் பதினேழு விளையாட்டு
என் பெயரில் கிடக்கிறது.
பெயர் பிரிஜில்டா. குலசேகரம் பக்கம்
முந்நூற்று இருபது மூடு ரப்பர் வெட்டுகிறேன்,
அதில் ஒரு மூடும் என் பெயரில் இல்லை.

நூற்றுப் பதினேழில்
என் லேப்டாப்பில் ஓடுவது இருபத்திரண்டு.
மஸ்கட்டிலிருந்து வந்த ஷாஜன்
பாதி விலை என்று சொல்லித் தள்ளிவிட்ட சாதனமாக்கும்.
பெரிய விளையாட்டைத் திறந்தால்
ஷீட் அடிக்கிற மெஷின் மாதிரி இரைந்து
அணைந்துபோகும்.
அதனால் நான் ஆடுவதெல்லாம்
சின்னச் சின்னச் சதுரம் தெரிகிற பழசு.
கொள்ளாம்.
சதுரப் பேய்க்கும் பயம் வரத்தான் செய்கிறது.

நெட் நாளைக்கு ஒன்றரை ஜிபி.
மகனுடைய டியூஷன் வீடியோ போக
மிச்சம் இருந்தால் எனக்கு.
ஒன்பதுக்குப் படுக்குமுன்
பலாமரத்துப் பக்கத்து ஜன்னலில் போனை வைத்து
ஹாட்ஸ்பாட் போட்டுவிடுவேன்.
பன்னிரண்டுக்கு நிற்கும்படி நேரம் வைத்திருக்கிறேன்.
ஒருமுறை வைக்க மறந்து
மறுநாள் கணக்கையும் அது குடித்துவிட்டது.
அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டை
எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.
மூன்று மணிக்கு எழுந்து
தலையில் லைட்டை மாட்டிக்கொண்டு பார்ப்பேன்:
பதினொரு சதவீதம்.
சரி, சொட்டட்டும்.

ஜூன் கடைசியில் பெரிய தள்ளுபடி.
ஜூன் கடைசியில் இங்கே மழை.
பட்டை நனைந்தால் வெட்டு இல்லை,
வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை.
தள்ளுபடிக்கு நாள் குறிக்கிறவனுக்குத்
திற்பரப்பில் ஒரு சொந்தக்காரர்கூட இல்லை போல.

இரண்டு வருஷமாக நான் கண் வைத்திருந்த தீவு
நானூற்றுத் தொண்ணூறிலிருந்து
நாற்பத்தொன்பதுக்கு இறங்கியது.
ஒருத்தி தனியாக ஒரு தீவில் போய் இறங்குவாள்.
கதை அவ்வளவுதான்.

ஒட்டுப்பால் வெட்டுகாரிக்கு என்று முதலிலேயே பேச்சு.
சிரட்டையிலும் பட்டையிலும் உறைந்ததைப்
பிடுங்கிப் பிடுங்கி ஒரு சாக்கில் சேர்த்திருந்தேன்.
திங்கட்கிழமை தூக்கிக்கொண்டு போனேன்,
பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வந்தது.
செல்வதாஸ் தராசைப் பார்க்குமுன்
மழையைப் பார்த்தார்,
ஈரத்துக்கு அரைக் கிலோ கழித்தார்.
நூற்றுத் தொண்ணூறு.
சாளைக்கு நூறு, ரீசார்ஜ் கடன் நாற்பது,
தீவு நாற்பத்தொன்பது,
கையில் ஒரு ரூபாய்.

முந்நூறு எம்பிதான், அன்று ராத்திரியே இறங்கிவிட்டது.
கரையில் இறங்கியதும் கையில் ஒரு கோடாரி தருகிறார்கள்.
மூன்று வெட்டு. மரம் சாய்ந்தது.

பதினோரு வருஷமாக வெட்டுகிறேன்,
என் கையால் ஒன்றும் சாய்ந்ததில்லை.
தோலை மட்டும் சீவ வேண்டும்,
கத்தி ஒரு நூல் ஆழம் போனாலும்
முதலாளி விரலால் தடவிப் பார்த்துத் திட்டுவார்.
இங்கே விழுந்த உடனே பத்துக் கட்டை, ஒரு பொற்காசு.
சிரட்டை வைக்க வேண்டாம்.
காத்திருக்க வேண்டாம்.
அவளுக்க கதையை அப்படியே விட்டுவிட்டு
வெட்டினேன், வெட்டினேன்,
புதன் சாயங்காலத்துக்குள்
தீவு மொட்டை.

வியாழன் எட்டரை.
அதே தீவு, சும்மா.

அருமனை மொபைல் கடை லிஜோ
போன் பண்ணிச் சிரித்தான்:
“அக்கா, மூணு நாள் பொறுத்திருக்கலாம்லா?”

கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
நாளொன்றுக்குப் பதினாறு ரூபாய் சொச்சம்.
அந்த மூன்று நாளும் தகரத்தின் மேல் மழை அடித்துக்கொண்டே இருந்தது.
வீட்டிலுள்ளவர்கள் வேலை இல்லாமல்
ஒருத்தர் முகத்தை ஒருத்தர்
முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.
நான் அங்கே இல்லை.

சும்மா வந்ததையும் எடுத்துவைத்தேன்.
இப்போது என் பெயரில் இரண்டு தீவு.
ஒன்றில் இன்னும் மரம் நிற்கிறது.