ஓவர்

லெர்விக் துறைமுகத்தில் டிசம்பர் மாதம்
மூன்று மணிக்கே வெளிச்சம் கடையைச் சாத்திவிடும்.
கடலோரக் காவல் அறையில் ஓஸ்லா
காதுக்கருவியை மாட்டிக்கொண்டு
ஆறிப்போன தேநீரைப் பதிவேட்டின் மேலேயே வைக்கிறாள்.
அங்கே ஏற்கெனவே ஐந்தாறு வட்டங்கள்.

வேலையில் சேர்ந்த முதல் நாள்
அவளுக்குச் சொல்லிக்கொடுத்த சொல் இது:
ஓவர்.
பேசி முடித்தேன், பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்,
இனி உன் முறை.
அதைச் சொல்லாமல் விட்டால்
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்,
அல்லது இரண்டு பேரும் காத்திருப்பார்கள்.
இரண்டாவதுதான் ஆபத்து.

வீட்டில் அதே சொல்லுக்கு வேறு வேலைகள்.
மகள் மெரன் கைப்பேசிக்குள் செத்துப்போகிறாள்,
கேம் ஓவர் என்று சிவப்பாய் மினுங்குகிறது,
ரொட்டியைக் கடித்தபடியே மறுபடி பிறக்கிறாள்.
தேர்வுத் தாளின் அடியில் அச்சாகியிருந்த ஓவரை
முடிந்தது என்று படித்துவிட்டு
பின்பக்கக் கேள்விகள் நான்கையும் தொடாமல் வந்தவள் அவள்.
"அப்படித்தானே போட்டிருந்தது?"
ஓஸ்லாவுக்குத் திட்ட வாய் வரவில்லை.

கல்சுவரை ஓவர் என்று தாண்டுகின்றன செம்மறிகள்.
அவற்றில் ஒன்று உப்பில் ஊறி, உலர்ந்து, சூப்பாகி
லெஃப்ட் ஓவர் ஆகிறது.
மறுநாள்தான் அதற்கு ருசியே.

போன மார்ச்சில்
சமையல் மேடைக்கு இந்தப் பக்கம் நின்று
லவ்ரியிடம் அவள் சொன்னதும் அதைத்தான்.
இட்ஸ் ஓவர்.
அவன் எதுவும் பேசவில்லை.
ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டான்,
ஒற்றைக் காலுறை கொடியிலேயே கிடந்தது, ஜூன் வரை.

இன்று மூன்றே முக்காலுக்கு
பதினாறாம் சேனல் கரகரக்கிறது.
"ஷெட்லாந்து கோஸ்ட்கார்ட், இது மீன்படகு டிரிக்."
ஆலாப் பறவைக்கு இந்தத் தீவில் அதுதான் பெயர்.
படகுக்கு அதைத் தேர்ந்தவள் ஓஸ்லா.
"எஞ்சின் நின்றுவிட்டது. ஃபூலாவுக்குக் கிழக்கே நாலு மைல்.
நான் ஒருவன்தான். ஓவர்."

பதினோரு வருடம்
தலையணைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட குரல்.
இவ்வளவு ஒழுங்காக அது
ஒரு வாக்கியத்தை முடித்ததே இல்லை.

"டிரிக், உயிர்காப்புப் படகு கிளம்பிவிட்டது.
மிதவை அங்கி போட்டாயிற்றா? ஓவர்."
"போட்டாயிற்று. ஓவர்."
"நங்கூரம் பிடிக்கிறதா? ஓவர்."
"இழுபடுகிறது. கொஞ்சம். ஓவர்."

ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்று.
எதில் கேட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"அலை ஏறுவதற்குள் வந்துசேர முடியுமா? ஓவர்."
"முடியும். ஓவர்."

நம் மொழியில் முடியும் என்றால்
தீர்ந்துபோகும், இயலும், இரண்டும்தான்.
ஓஸ்லாவுக்கு அது தெரியாது.
அவள் சொன்னது வேறொரு சின்னச் சொல்.
இரண்டையும் அதில் கேட்டது நான்.

ஐந்து பத்துக்குக் கயிறு கட்டிவிட்டார்களாம்.
நேரத்தைக் குறிக்கிறாள், கோப்பை வட்டத்துக்குள்.
இனி அவுட் சொல்லலாம்.
நிஜமான முடிவு அந்தச் சொல்தான்:
பதில் வேண்டாம், காத்திருக்காதே.

"கோஸ்ட்கார்ட், இது டிரிக். நன்றி."
அவன் இன்னும் விரலை எடுக்கவில்லை.
காற்று கேட்கிறது, கயிறு முறுகுவது கேட்கிறது,
யாரோ இருமுகிறார்கள்.
"சூப் மிச்சம் இருக்கிறதா? ஓவர்."

பக்கத்து மேசை ஸ்வெய்ன்
சீவிய பென்சிலையே மறுபடி சீவுகிறான்.
அந்த நேரத்தில் அந்தக் கடலில் இருந்த
எல்லாப் படகுகளும் கேட்டிருக்கும்.

ஓஸ்லா பொத்தானை அழுத்துகிறாள்.

"டிரிக், இது ஷெட்லாந்து கோஸ்ட்கார்ட்.
அவசர சேனலில்
தேவையற்ற பேச்சு கூடாது."

அழுத்தியபடியே இருக்கிறாள்.

"ஓவர்."