மூன்று நாட்டுத் தண்ணீர்

திருத்துறைப்பூண்டியில் உரக்கடை மாடி.
கீழே யூரியா வாசம், மேலே ஏசி.
இரவு பத்து மணிக்கு ஹெட்செட்டை மாட்டினால்
தையல்நாயகி இறங்கிப் போய்
டினா வந்து உட்காருவாள்.
குழாய், பாய்லர், அடைப்பு, கசிவு.
மூன்று நாட்டுத் தண்ணீர்க் குறைக்கு
நான் ஒருத்தி.

முதல் வாரம் லீட்ஸிலிருந்து ஒரு அம்மாள்.
தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்றாள்.
அவசரமே இல்லை என்றாள்.
கொஞ்சம் ஏமாற்றம்தான் என்றாள்.
தங்கமான மனுஷி என்று
வரிசையில் கடைசியில் போட்டேன்.
மறுநாள் மேலாளர் ஜபருல்லா
திரையைத் திருப்பிக் காட்டினார்:
அவள் எழுதிய புகார், நாலு பக்கம்.
"அந்த ஊர்ல கொஞ்சம்னா
கொலவெறின்னு அர்த்தம்மா."

ஹூஸ்டன் ட்ராவிஸுக்கு எல்லாமே அற்புதம்.
டினா என்றதும் அற்புதம்,
அவர் தெருப் பெயரை அவரிடமே
திருப்பிச் சொன்னதும் அற்புதம்.
எப்படி இருக்கே என்று கேட்டார்.
கேட்கிறாரே மனுஷன் என்று
இடுப்புவலியிலிருந்து ஆரம்பித்தேன்.
அந்தப் பக்கம் பேச்சே இல்லை.
வாளி விழுந்த கிணற்றில்
சத்தம் வராத மாதிரி.

மூன்று மணிக்கு மேல் டவுன்ஸ்வில் விடியும்.
டாரன் கூப்பிடுவான்,
மாமன் மகளைக் கூப்பிடும் உரிமையில்.
சமையலறையில் கணுக்கால் வெள்ளம்,
நாய் நாற்காலிமேல் ஏறி நிற்கிறது,
கவலையே இல்லை என்பான்.
ஆள் அனுப்பவா என்றால்
ஆமா, இல்லை என்பான் ஒரே மூச்சில்.
அதில் பின்னதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று
தெரிவதற்குள்
சம்பளத்தில் ஐந்நூறு பிடித்தம்.

"எல்லாம் ஒரே இங்கிலீஷ்தானே அண்ணி"
என்கிறான் கொழுந்தன் வேதரத்தினம்.
"எல்லாம் ஒரே காவேரிதானே.
தலைமடையில நாத்து நடுறான்,
நம்ம வாய்க்கால்ல ஆடு மேயுதே."
அதற்கு அவனிடம் பதிலில்லை.
ஆடு அவனுடையது.

ஆவணி பாதி போய்விட்டது.
நேரடி விதைப்பு, விரல் உயரத்தில் வெளுக்கிறது.
வெடிப்பில் என் செருப்பு மாட்டிக்கொள்கிறது.
வேதரத்தினம் வெள்ளைத்தாளோடு வந்தான்.
"ஒலகத்துக்கே தண்ணி விடுறவங்க நீங்க.
இஞ்சினியருக்கு ஒரு மனு எழுதுங்க."

எந்த ஊர்க் கோபத்தில் எழுத?
தொந்தரவுக்கு மன்னிக்கணும்,
வயல் கொஞ்சம் காய்ந்திருக்கிறது என்றால்
என்னைப் போலவே அவரும்
கடைசியில் போடுவார்.
தங்கள் மதகு அற்புதம் என்று தொடங்கலாமா?
பயிர் போச்சு, கவலையே இல்லை என்று
முடிக்கலாமா?
கடைசியில்
தாழ்மையுடன் சமர்ப்பிப்பது யாதெனில் என்று
எழுதினேன்.
தாழ்மையின் 'ழ்' வரும்போது
பேனா தாளைக் கிழித்துவிட்டது.
கிழிந்ததோடு கொடுத்தனுப்பினேன்.

சாயங்காலம் சிரித்துக்கொண்டு வந்தான்.
இஞ்சினியர் இல்லையாம்.
மதகடியில் லஸ்கர் வைரக்கண்ணு
மனுவை வாங்கி மடித்துப்
பையில் வைத்துக்கொண்டாராம்.
"பார்க்கலாம்னு சொல்லிட்டாரு அண்ணி!"
பார்க்கலாம்.
மூன்று நாட்டுச் சொல்லுக்கும்
ஜபருல்லா பாடம் நடத்தினார்.
இந்தச் சொல்லுக்கு
யாரும் எனக்கு நடத்த வேண்டியதில்லை.
அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை,
சோறு போட்டேன்.

அன்று இரவு மறுபடி லீட்ஸ்.
அதே அம்மாள், அதே மன்னிப்பு,
அவசரமே இல்லை.
அவளை எடுத்து முதல் வரிசையில் போட்டேன்.
எத்தனை நாளாகத் தண்ணீர் இல்லை என்று கேட்டேன்.
மூன்று நாள் என்றாள்.
எங்களுக்கு இருபத்தெட்டு, என்றேன்.
வாய்தவறி.
அழைப்பு பதிவாகும், ஜபருல்லா கேட்பார்,
இன்னொரு ஐந்நூறு.

அவள் உடனே பேசவில்லை.
தூரத்தில் ஒரு கடிகாரம் கேட்டது.
பிறகு,
"அது உங்களுக்குக்
கொஞ்சம் சிரமம்தான், இல்லையா" என்றாள்.

லீட்ஸ் கொஞ்சம்.