முப்பது விநாடி

உரிமத்தோடு ஒரு வரைபடம் இணைத்திருக்கிறார்கள்.
மில்பரூவைச் சுற்றிச் சிவப்புக் கோடு,
கை நடுங்கியவன் வரைந்த முட்டை மாதிரி.
உள்ளே பதினோராயிரத்துச் சொச்சம் பேர்.
அவர்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள்:
நாளுக்கு இத்தனை நிமிடம் உள்ளூர்ச் செய்தி,
தீ, வெள்ளம் என்றால் உடனே அறிவிப்பு.
கோட்டுக்கு வெளியே
யாருக்கும் எதுவும் பாக்கி இல்லை.

அலைக்கு இதை யாரும் படித்துக் காட்டவில்லை.
பகலில் ஒழுங்காகத்தான் இருக்கிறது.
பொழுது சாய்ந்தால் மேலே எதிலோ முட்டி
எங்கெங்கோ போய் இறங்குகிறது.
ஆட்டுப் பட்டிகளில், எண்ணெய்க் கிணற்றுக் கூடாரங்களில்,
ஒரு தரம் நியூசிலாந்து மீன்பிடிப் படகொன்றில்;
குதிரைப் பந்தய முடிவு கேட்டு எழுதியிருந்தான் அந்தப் படகுக்காரன்.

வெர்னா குவில்டி இருப்பது
மேற்கே முந்நூற்று நாற்பது கிலோமீட்டரில்.
வருஷத்துக்கு இரண்டு கடிதம்.
"உங்கள் வானிலை கார்மோடி பாலத்தோடு நின்றுவிடுகிறது.
அதற்கப்புறம் எங்களுக்கு வானம் கிடையாதா?"

விற்பனை மேலாளர் லிண்டி ப்ரௌஸ் கெட்டவள் இல்லை.
முழுக்கப் படித்தாள்.
"அந்தப் பக்கத்திலிருந்து டயர் வாங்க யார் வருகிறார்கள், டெஸ்?"
நியாயம்தான்.
என் சம்பளம் டயரிலிருந்து வருகிறது.

பிப்ரவரியில் ஒரு வியாழன், இரவு பத்தரை.
போனில் அவளேதான்.
யூராங்கி ஓடை கரையை உடைத்துக்கொண்டு வருகிறது,
பாலம் இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருக்கிறது,
மாட்டு லாரிகள் இருட்டில் வந்துகொண்டிருக்கின்றன,
அந்தச் சாலையில் உங்கள் ரேடியோவைத் தவிர
வேறு எதுவும் எடுக்காது.

விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்.
சொல் என்று இல்லை. சொல்லாதே என்றும் இல்லை.
உறுதிசெய்யப்படாத தகவல்,
எங்கள் வட்டாரம் அல்ல,
நிலைய அதிகாரி தூங்குகிறார்...
என் கோழைத்தனத்துக்கு
நல்ல நல்ல பெயர்களாகக் கிடைத்தன.

மறுமுனையில் கொஞ்ச நேரம் மழைச் சத்தம்.
பிறகு,
"விளம்பரம் முப்பது விநாடி என்ன விலை?"

இரவுக் கட்டணம் பத்தொன்பது டாலர்.
அட்டை எண்ணை நிதானமாகச் சொன்னாள்,
கடைசி நான்கு இலக்கத்தை இரண்டு தரம்.
விளம்பரத்தை இங்கே யாரும் சரிபார்ப்பதில்லை.
டயருக்கும் இறைச்சிக் கடைக்கும் நடுவே படித்தேன்:

வழங்குபவர் வெர்னா குவில்டி.
யூராங்கியில் பாலம் போய்விட்டது.
லாரிக்காரர்களே, எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே நிறுத்துங்கள்.
இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களுக்கு
என் வீட்டில் டீ உண்டு.
நாயைக் கட்டிவிட்டேன்.

பதினோரு மணிக்குத் திரும்ப அழைத்தாள்.
லாரிகள் நின்றனவா என்று கேட்க வாயெடுத்தேன்.
"பேரைத் தப்பாகச் சொன்னாய்.
யுரங்கி இல்லை. யூராங்கி.
காசு கொடுத்திருக்கிறேன்."
வைத்துவிட்டாள்.

நெடில் இரண்டையும் குறுக்கியிருந்தேன்.
பதினாலு வருஷமாக இதே நாற்காலி.
கோட்டுக்குள் ஓடும் ஒவ்வொரு ஓடையின் பெயரையும்
பிசகாமல் சொல்கிறவன் என்று
நகரசபை ஒரு கேடயம்கூடக் கொடுத்திருக்கிறது;
அதன் மேல்தான் காப்பிக் கோப்பை வைப்பது.

மைக்கை அடைத்தேன்.
பாட்டு முடிய நாற்பது விநாடி.
யூ. ராங். கி.
யூராங்கி.
யூராங்கி.

திறந்து, மறுபடி படித்தேன்.
இரண்டாவது தரத்துக்கு
ரசீது போடவில்லை.